பங்கேற்பாளர் இலக்கம் நான்கு

அன்று, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள்: என் அம்மா, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்துக் காம்பராச் சின்னம்மா, மாதர் சங்கத் தலைவி, மணிக்கட்டு வீங்கிய அக்கா, இவர்களோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் இன்னும் மூன்று பெண்கள், கதவுச் சாவி வைத்திருக்கிற பிள்ளைக் காம்பரா மிஸ், நான், ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு பெட்டி பிஸ்கட்.

இல்லாதவர்கள்: கேள்விகளை எழுதிய மேடம். அவர் கொழும்பிலிருந்து ஏறிய பஸ் கினிகத்தேனையில் டயர் போய் நின்றுவிட்டது. கங்காணியும் இல்லை. வரவேண்டாம் என்று நானே மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். ஆகவே அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று காது குடைந்துகொண்டிருந்தார். ஆய்வு முறைப்படி அவர் இல்லாதவர்தான். தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரையும் இல்லை. அவர் பிறகு வருவார்.

இங்கே யாருடைய பெயரையும் நான் போடப்போவதில்லை. போன தடவையும் போடவில்லை. அதனால் என்ன நன்மை வந்தது என்பதுதான் விஷயம்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து ஒரு பஸ், பிறகு ஓர் ஆட்டோ, ஆட்டோக்காரருக்கு மனசில்லாவிட்டால் நடை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனதும் நான் ஒருவன்தான். நான் தெரிவானபோது கோயில் சந்தியில் பேனர் கட்டினார்கள். அதற்கு என் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தேன். பேனர் மழையில் கிழிந்து, பாதி முகத்தோடு இரண்டு வருஷம் தொங்கியது. என்ன படிக்கிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள். சமூகவியல் என்றேன். அது எதைப் பற்றி என்றார்கள். சமூகத்தைப் பற்றி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி என்றேன். அதுக்கா நாலு வருஷம், எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே என்று சின்னம்மா சொன்னார். சின்னம்மா சொன்னதையே பிறகு எங்கள் பாடத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள், அடிக்குறிப்போடு.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் படிப்பித்த மேடமே கூப்பிட்டார். தோட்டப் பெண்களின் வேலையும் நலனும் பற்றி ஓர் ஆய்வு. கள உதவியாளர் வேண்டும். மேடம் யாழ்ப்பாணம். ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். பலகையில் மூன்று விதிகளை எழுதினார்: கேட்டுச் செய், பெயரை மறை, கெடுதல் செய்யாதே. நான் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீர் உள்ளாள். உமக்குக் கதவு திறக்கும். ஆனா அது உமக்குத்தான் திறக்குது, ஆய்வுக்கு இல்லை. அதை மறந்திடாதையும்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது: "உள்ளாள். கதவு திறக்கும்."

அன்று பிள்ளைக் காம்பராவில் முதலில் ஒப்புதல் படிவம். இரண்டு பக்கம். ஆங்கிலத்தில் யாரோ எழுதி, தமிழில் யாரோ பழிவாங்கியிருந்தார்கள். "இவ்வாய்வில் பங்குபற்றுதல் முற்றிலும் தன்னார்வ அடிப்படையிலானது என்பதையும் எச்சந்தர்ப்பத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை தமக்குண்டு என்பதையும் அறிந்துகொண்டேன்." நான் சத்தமாக வாசித்தேன். பிள்ளைக் காம்பராத் தொட்டிலில் ஒரு குழந்தை புரண்டு படுத்தது. மற்றபடி அசைவில்லை.

"இது தகரத்துக்கா, தண்ணித் தாங்கிக்கா?" என்று தலைவி கேட்டார்.

நியாயமான கேள்வி. எங்கள் தோட்டத்துக்குத் தாளோடு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றுக்காகத்தான் வருவார்கள். கூரைத் தகரம், தண்ணீர்த் தாங்கி, கோழிக்கூடு. கோழிக்கூடு வந்தது; கோழி வரவில்லை. அதில் இப்போது விறகு கிடக்கிறது. இது எதற்கும் இல்லை, ஆராய்ச்சிக்கு என்று சொன்னேன். எதற்கும் இல்லாததற்கு எதற்குக் கையெழுத்து என்று மூன்று பெண்களில் ஒருத்தி கேட்டாள். விருப்பமில்லாவிட்டால் போடவேண்டாம், நடுவில்கூட விலகிக்கொள்ளலாம் என்றேன். சின்னம்மா சுற்றிலும் பார்த்தார்.

"வெலகி எங்கிட்டு போறது? இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் மலை."

சிரித்து முடிந்ததும் அம்மா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் வகுப்பு எழுத்து. ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, தேரை இழுக்கிற மாதிரி. மகன் கொண்டுவந்த தாள். அதில் என்ன எழுதியிருந்தாலும் போட்டிருப்பாள். அம்மா போட்டதும் மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். "இவ மகன் கேக்குறான், போடாம எப்புடி" என்று தலைவி சொன்னது என் காதில் விழுந்தது. தன்னார்வம் என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன்.

மேடத்தின் கேள்விகள் ஒன்பது. முதலாவது: "உங்கள் பணியிடத்தில் சமூக ஆதரவு வலையமைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன?" ஏழு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். கடைசியில் தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படி வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கிற பதிலை ஆரம்பித்தார். லயக் கூரை ஒழுகுது. ரோட்டு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக லொறிதான். எல்லாம் உண்மை. எல்லாம் நான் பிறந்த நாளிலிருந்து கேட்டது. நாற்பத்தொரு நிமிஷம் கூரை ஒழுகியது. இதை எழுதினால் கொழும்பில் ஒருவர் கொட்டாவி விடுவார், அவ்வளவுதான் என்று எனக்கு உள்ளுக்குள் அழுகையே வந்தது.

ஒன்பதாவது கேள்வியும் முடிந்தது. இத்தோட முடிஞ்சுது, எல்லாருக்கும் நன்றி என்று சொன்னேன். கருவியை எடுத்து அதன் பொத்தானில் விரலை வைத்தேன். சட்டைப் பைக்குள் போட்டேன்.

மறந்துவிட்டேன் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. விரலை வைத்தேன், அமுக்கவில்லை.

பிள்ளைக் காம்பரா மிஸ் தேத்தண்ணி ஊற்றினார். பிஸ்கட் பெட்டி திறந்தது. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பேச்சு வந்தது. மணிக்கட்டு வீங்கிய அக்கா கோப்பையை மற்றக் கையால் பிடித்திருந்தார். கை எப்படிக்கா இருக்கு என்று கேட்டேன். கேட்டது நானா, ஆய்வா என்று இப்போதும் தெரியவில்லை.

"மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. அதுக்கப்புறம் அது லீவு போட்டுரும். பன்னெண்டு கிலோவுக்கு மேல வராது."

எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்கவேண்டும். எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். அந்த அக்காவுக்கு அரைப்பேர் விழுந்ததை நான் கேள்விப்பட்டதேயில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கொழுந்து மடுவக் கொட்டகையில் நிறுக்கிறதற்கு முன்னால், மற்ற ஆறு பேரும் தங்கள் படங்குச் சாக்கிலிருந்து ஆளுக்கு ஒரு கிலோ போல அள்ளி அக்காவின் படங்கில் போடுவார்கள். தங்களுக்குக் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கிற காசை விட்டுவிட்டுத்தான் போடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. அப்போது போட்டது வேறோர் அம்மாவுக்கு, வேறொரு நோய்க்கு. ஆனால் நான் பார்த்தது தரவு ஆகாது. எனக்குத் தெரிந்திருப்பது வெறும் தெரிந்திருப்பது. அதையே அம்மா வாயைத் திறந்து சொன்னால் அது தரவு. இதைத்தான் நான்கு வருஷம் படித்திருந்தேன்.

எனவே தெரியாத மாதிரி கேட்டேன். அப்ப கங்காணி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

"அந்த நேரம் பாத்து அவருக்கு மழை வருதான்னு வானத்தப் பாக்கணும்" என்றார் தலைவி. "மழக்காலத்துல வெயில் வருதான்னு பாப்பாரு."

ஜன்னலுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது.

வாங்குறத திருப்பிக் குடுக்கணுமா என்று அடுத்ததாகக் கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அம்மாதான் பதில் சொன்னாள்.

"திருப்பிக் குடுக்க அவகிட்ட என்னடா இருக்கு? நாளைக்கு எங் கையும் வீங்கும்ல. அன்னைக்கு என் படங்குல எவ போடுவா? பெரிய தொர வந்து போடுவாரா?"

பெரியதுரை காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து அம்மாவின் படங்கில் கொழுந்து போடுகிறதைச் சின்னம்மா எழுந்து நின்று நடித்துக் காட்டினார். குழந்தை எழுந்துவிட்டது. மிஸ் கோபித்தார். ஏழு பெண்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மணிக்கட்டு அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்கும்; கடைசியில் ஒரு விக்கல் வரும். எல்லாம் என் சட்டைப் பைக்குள் போனது.

என் நோக்கம் கெட்டதில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் கெட்ட நோக்கம் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பேன். எங்கள் ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒழுகுகிற கூரையையே எழுதுகிறார்கள். கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு மூளை இருக்கிறது என்று ஒருத்தராவது எழுதவேண்டும் என்று நினைத்தேன். அம்மா சொன்ன வாக்கியத்தை எழுதியபோது எனக்குக் கர்வமாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் பெயரே கிடையாது. "போடுறது" என்பார்கள், அவ்வளவுதான். நான் "பரஸ்பரக் கொழுந்துப் பகிர்வு" என்று பெயர் வைத்தேன். துணைத் தலைப்பாகத் தடித்த எழுத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

மேடம் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு கேட்டார்.

"இது பதிவில இருக்கோ?"

"இருக்கு மேடம்."

"ஆக்களுக்குத் தெரிஞ்சுதானே பதிஞ்சனீர்?"

"தெரியும் மேடம்."

முதல் பதில் பொய்யில்லை.

பெயரை மறைக்கிற வேலையை மேடம் என்னிடம் விட்டார். மிகவும் சிரத்தையாகச் செய்தேன். தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு "எக்ஸ் தோட்டம்" என்று போட்டேன். ஆட்களுக்கு இலக்கம் கொடுத்தேன். ஆனால் இலக்கம் மட்டும் போட்டால் வாசிக்கிறவருக்கு ஆள் கண்ணில் தெரியாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் பின்னணி கொடுக்கவேண்டும். கொடுத்தேன். "பங்கேற்பாளர் இலக்கம் நான்கு: பெண், வயது 49, கொழுந்து பறிப்பவர், கணவர் கொழும்பில் கடையில் வேலை, மகன் பல்கலைக்கழகப் பட்டதாரி."

சந்தியில் பேனர் கட்டிய தோட்டத்தில், மகன் பட்டதாரியான கொழுந்துக்காரி எத்தனை பேர் இருப்பார்கள் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. பட்டதாரி என்ற சொல்லை அச்சில் போடுகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

கண்டுபிடிப்புகளை வெளியிடுகிற கூட்டம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். தேயிலைத் தொழிலாளரைப் பற்றிய கூட்டத்தில் தேத்தண்ணிக்கு நூல் கட்டிய பைதான் வைத்திருந்தார்கள். கேக் இருந்தது. தொண்டு நிறுவனக்காரர்கள், அதிகாரிகள், தோட்டக் கம்பெனி ஆட்கள். மூன்றாவது வரிசையில் எங்கள் சின்னதுரை. அவர் சிங்களவர், தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார், அதுவும் மலையில் நின்று ஏசும்போது இலக்கணப் பிழையே இருக்காது. என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. தோட்டத்தில் அவர் பார்த்தது பேனரில் இருந்த பாதி முகம். அதுவும் பொலிஸ் தேடுகிற முகம்.

என்னுடைய பகுதியை என்னையே பேசச் சொன்னார் மேடம். டை கட்டியிருந்தேன். திரையில் அம்மாவின் வாக்கியம் வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பெரிய துரை வந்து போடுவாரா என்பது மூன்று மொழியில். சிலர் சிரித்தார்கள். சின்னதுரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். என் ஆராய்ச்சியை ஒரு மனிதர் படம் பிடிக்கிறார். டையை நேராக்கிக்கொண்டேன்.

கேக் சாப்பிடுகிற நேரம் அவர் என் பக்கத்தில் வந்தார். ரொம்ப நல்ல வேலை என்று பாராட்டினார். இது எந்தத் தோட்டம் என்று கேட்டார்.

"அத சொல்ல முடியாதுங்க சேர். ரகசியம் காக்கணும்."

"கரெக்ட், கரெக்ட். சொல்லக் கூடாது." தலையை ஆட்டினார். கேக்கில் ஒரு துண்டு எடுத்தார். "தம்பிக்கு எந்தத் தோட்டம்?"

சொன்னேன். எந்தப் பிரிவு, எந்த லயம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் தோட்டத்துப் பையன் டை கட்டிக்கொண்டு இங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். தெரிந்தது.

நான் அறைக்குத் திரும்பிப் போய் டையை மடித்து வைத்தேன். நாலாம் நாள் அம்மா எனக்குப் போன் எடுத்தாள். மலையிலிருந்து பேசினாள், காற்று இரைந்தது.

"டே தம்பி, சின்னதொர தராசத் தூக்கிக்கிட்டு மலைக்கே வந்திருக்காரு. நீ எங்கயாச்சும் ஏதாச்சும் பேசுனியா?"

இனிமேல் கொழுந்தை மடுவத்தில் நிறுப்பதில்லை. ஒருத்தி தன் தேயிலை நிரையை விட்டு வெளியே வந்ததும், வந்த இடத்திலேயே, சின்னதுரையின் கண் முன்னால் அவள் படங்கை நிறுக்கவேண்டும். இன்னொருத்தியின் பக்கத்தில் நிற்கக் கூடாது. கங்காணி வானத்தைப் பார்க்கக் கூடாது. இதைச் சின்னதுரை வாயாலேயே சொன்னாராம். அன்றைக்கு அக்காவின் படங்கில் பதினொன்றரைக் கிலோ. அரைப்பேர்.

நான் ஊருக்குப் போனேன். யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சின்னம்மா என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தார்.

"வாங்க வாங்க, ஆராய்ச்சி. இன்னைக்கு டேப்பு எந்தப் பையில?"

பக்கத்திலிருந்த பெண் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்கில்லை, பதிவாகாமல் இருப்பதற்கு. சின்னதுரை தன் போனில் காட்டிய படத்தில் அந்த வாக்கியத்துக்குக் கீழே பங்கேற்பாளர் இலக்கம் நான்கு என்று இருந்ததாம்; அம்மாவுக்கு லயம் முழுக்க "நம்பர் நாலு" என்று பெயர் வந்துவிட்டது. நம்பர் நாலு, விறகுக்குப் போறியா. நம்பர் நாலு வீட்ல கருவேப்பில இருக்கா. அம்மா அதற்கெல்லாம் பதில் சொன்னாள், கருவேப்பிலையும் கொடுத்தாள். தலைவி ஆபிசுக்குப் போய்ச் சின்னதுரையிடம் நியாயம் கேட்டிருக்கிறார். எங்க ஆளுகளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டுறீங்களா என்று கேட்டாராம். நான் யாருடைய பேரையும் சொல்லலியே என்றாராம் சின்னதுரை. எங்கள் மூன்று விதிகளில் ஒன்றை அவராவது ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ரொட்டி தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"பேரு போட மாட்டேன்னு சொன்ன. சரி. என் பேச்ச அப்படியே போட்டிருக்கியே, அத கேட்டா இந்தத் தோட்டத்துல யாருக்குடா தெரியாது, அது நான்னு?"

ரொட்டி கருகியது. அதைத்தான் எனக்கு வைத்தாள்.

மறுநாள் மணிக்கட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன், உக்காரு என்றார். அதில் என் சத்தம் எப்படி இருக்கு, போட்டுக் காட்டு என்றார். கருவியை எடுத்துப் போட்டேன். கூரை ஒழுகுகிற பகுதியைத் தள்ளி ஓட்டினேன். தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம், கங்காணியின் இருமல், அம்மாவின் பேச்சு, சின்னம்மாவின் நடிப்பு. பிறகு சிரிப்பு. கடைசியில் அந்த விக்கல். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"அன்னைக்கு ஒரு தாளு வாசிச்சியே" என்றார். "எப்ப வேணும்னாலும் வெலகிக்கலாம்னு."

"ஆமாக்கா."

"நான் வெலகிக்கிறேன். அழிச்சுரு."

அந்த ஆய்வில் எத்தனையோ தோட்டத்தில் எத்தனையோ பேர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் எழுதியிருந்ததை நம்பியது இந்த அக்கா ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவர் முன்னாலேயே அழித்தேன். அழிக்கவா என்று கருவி திரும்பக் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்து, என்ன கேக்குது என்றார். நெசமாவான்னு கேக்குது என்றேன். "அதுக்கு இருக்குற புத்தி" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

மேடத்துக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானையும் சொன்னேன். 

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீர்?"

"நல்லா வந்திருந்துச்சு மேடம்."

மேடம் ஏசவில்லை. அவரும் இரண்டு தடவை வாசித்து நல்லாயிருக்கு என்று நினைத்தவர்தான். அதை அவரே சொன்னார். பட்டதாரி மகன் என்று பார்த்த இடத்தில் தனக்காவது உறைத்திருக்கவேண்டும் என்றார். அறிக்கையிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டார். என்னையும் எடுத்துவிட்டார், அது சரிதான். விலகியவரைப் பதிவதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தோம். மேடம் பேனையால் ஒரு கட்டம் வரைந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தடவை டயர் போகாமல், தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். அதே பிள்ளைக் காம்பராவில் நின்று, அதே ஏழு பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். யாழ்ப்பாணத் தமிழில் மன்னிப்புக் கேட்டதால் அது எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் முடித்ததும் தலைவி கேட்டார், மேடம் கொழும்புல பெரிய ஆளுகளையெல்லாம் தெரிஞ்சவங்கதானே, இந்தத் தகரம் விஷயமா யாருகிட்டயாச்சும் சொல்ல ஏலுமா என்று. மேடம் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்னேரம் ஆபிசுக்கும் போய்ப் பேசினார். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நீங்களே திரையில் போட்டதைத்தானே நான் பார்த்தேன் என்று சின்னதுரை மிகவும் பண்பாகச் சொல்லி, கதவு வரை வந்து வழியனுப்பினார்.

தராசு மலையிலேயே இருந்தது. அக்காவுக்கு அரைப்பேர் விழுந்துகொண்டே இருந்தது. நான் லயத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்க்கும்போது முகத்தைப் பார்ப்பேன். "அரை" என்பாள். கேட்காமலேயே சொல்வாள்.

அப்புறம் ஒரு நாள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன்.

"முழுசு" என்றாள்.

தராசு மாறவில்லை, சின்னதுரையும் மாறவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார். ஆனால் அக்காவின் படங்கில் பதினெட்டுக் கிலோ இருந்தது. மறுநாளும் இருந்தது. அவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். என்ன வழி என்று எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. அந்த மலையில் பிறந்தவனுக்குப் புரியாமல் போகாது. மிக நேர்த்தியான வழி. முதலாவதைவிட நேர்த்தி. அதற்கு என் மனசில் ஒரு துணைத் தலைப்புக்கூட வந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா, தெரிஞ்சிருச்சா?"

"இல்லம்மா."

"அப்புடியே இரு."

இருக்கிறேன். இதை எழுதுவதற்கு முன் ஏழு பேரிடமும் போய்க் கேட்டேன். தாள் இல்லாமல், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாமல், ஒவ்வொருவராக. எழுதியதைப் பீலிக்கரையில் வாசித்தும் காட்டினேன். சின்னம்மா தன் நடிப்பை இன்னும் நீளமாக எழுதியிருக்கலாம் என்றார். பழைய வழி செத்துப்போச்சு, அத எழுதிக்க என்று தலைவி சொன்னார். ஒருமுறை விலகிய அக்காவிடம் மூன்று தடவை போகவேண்டியிருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் தன்னிடம் இருக்கிற ஓர் அடையாளத்தை மாற்றிப் போடவேண்டும் என்றார். மாற்றியிருக்கிறேன். கையா, மணிக்கட்டா, விக்கலா, எது என்று சொல்லமாட்டேன்.

கங்காணியிடமும் கேட்டேன். அன்றைக்கு நான் அங்கே இல்லவே இல்லையே தம்பி என்றார்.

பழைய வழி போனதற்கும் புது வழி வந்ததற்கும் இடையில் அக்காவுக்கு விழுந்தது பதினாறு அரைப்பேர். அப்போது நாள் சம்பளம் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபா. ஒவ்வொரு அரைப்பேருக்கும் அதில் பாதி போனது. கள வேலைக்குக் கிடைத்த என் காசைக் கொண்டுபோய் நீட்டினேன். அது வேணாம், அதுக்கு வேற கையெழுத்துக் கேப்ப என்று தலைவி தள்ளிவிட்டார். சம்பள நாளில் அம்மாவும் மற்ற ஐந்து பேரும், முன்பு கொழுந்தைப் போட்ட மாதிரி, ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு அக்காவின் மடியில் போட்டார்கள். மொத்தம் பத்தாயிரத்து எண்ணூறு ரூபா.